கெண்டக்கியிலே ஒரு நறுமணம்

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்துப் பாட்ஸ்டவுண் நகரை நாம் அடைந்தபோது, பண்டகசாலைகளிலிருந்து இனிய மணமொன்று காற்றோடு வந்தது. நாம் மது அருந்துவோரல்லோம். உடன் வந்த முதிய நண்பரோ, ஸ்கொச் விஸ்கியே கனவான்களுக்குரியதென்று கேட்டு வளர்ந்தும், பேர்பனையே விரும்பியவர். அதனை வெளியிற் சொல்லவும் நாணுவார்.

காரணம் எளிது. பேர்பனுக்கான தானியத்திலே 51 சதவீதமேனும் சோளம் இருத்தல் வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாவிலே அதனை வைத்தல் வேண்டும். கருகிய மரமும் கோடை வெப்பமும் சேர்ந்து வனிலா மணத்தையும் இனிமையையும் ஊட்டுகின்றன. ஸ்கொட்லாந்திலோ, முளைவிட்ட வாற்கோதுமையைச் சிலவிடங்களிலே சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துவர். அப்புகைமணம் எல்லார்க்கும் ஒவ்வாது. அங்கே குளிரிலே, குறைந்தது 3 ஆண்டுகள், பெரும்பாலும் பழைய பீப்பாக்களில் விஸ்கி மெல்ல முதிர்கின்றது. அப்பீப்பாக்களிற் பெரும்பகுதி முன்னர்ப் பேர்பன் இருந்தவை!

இதைக் கேட்ட நண்பர் நாணம் நீங்கி வாய்விட்டுச் சிரித்தார். வைத்தியர் விலக்கியமையால் அவர் இப்போது அருந்துவதில்லை. பீப்பாவிலிருந்து ஆவியாய்ப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பர் அந்நாட்டார். அப்பங்கிலே சிறிது முகர்ந்தபடி, பண்டகசாலை வாயிலில் அவர் நெடுநேரம் நின்றார். நாமும் உடன் நின்றோம்.