வெயிலுக்கு இரண்டு விலை

டிசம்பர் மாதத்துக் காலங்குட் கடற்கரையில் காலை பதினோரு மணிக்கு நின்று பார்த்தால் மனித குலம் இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரியும். வெயிலைத் தேடி வந்தவர்கள் ஒரு பக்கம். வெயிலுக்குப் பயந்துகொண்டே வந்தவர்கள் மறுபக்கம். முதல் வகையினர் ஐரோப்பியக் குளிரிலிருந்து தப்பி வந்து, உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு, தோசையைத் திருப்பிப் போடுவதுபோல் அரைமணிக்கு ஒருமுறை புரண்டு படுக்கிறார்கள். இரண்டாம் வகையினர் நாம். முழுக்கைச் சட்டை, தலையில் முக்காடாகத் துப்பட்டா, அதற்கும் மேல் குடை. கடலைப் பார்க்க ஆயிரம் கிலோமீட்டர் வந்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறோம்.

இந்த இரு தரப்புக்கும் சாமான் விற்கிறவர்கள் மூன்றாவது வகை. வெயில் பற்றி அவர்களுக்கு அபிப்பிராயம் கிடையாது. அவர்கள் நிற்பதே அதில்தான்.

1961 டிசம்பரில் போர்த்துகீசியர்கள் கோவாவைவிட்டு வெளியேறினார்கள். அந்தப் பத்தாண்டுகள் முடிவதற்குள் ஹிப்பிகள் வந்து சேர்ந்தார்கள். 1987-ல் கோவா தனி மாநிலம் ஆயிற்று. 1998-ல் கொங்கண் ரயில் பாதை முழுமையாகத் திறந்தது. 2023 ஜனவரியில் மோப்பாவில் இரண்டாவது விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று இங்கே வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்களே. ஆனாலும் கடற்கரை விளம்பரங்களில் வெயில் காய்கிற வெள்ளைக்காரர்தான் இன்னமும் வருகிறார். முக்காடு போட்ட மாமிகளை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை.

என்னுடன் வந்தவள் அக்காவின் மகள். பெங்களூரில் ஒரு வங்கியில் வேலை. வயது இருபத்தாறு. ஐந்து வாரத்தில் கல்யாணம். பெண் பார்க்க வந்த இடத்தில், எல்லாம் பேசி முடித்து காபியும் குடித்த பிறகு, மாப்பிள்ளையின் அத்தை “போட்டோவுல இன்னும் கொஞ்சம் நிறமா தெரிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வரிக்குப் பிறகு திருச்சியில் என் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. கோவா டிக்கெட்டோ அதற்கு முன்பே எடுத்தாயிற்று. அதனால் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. “ஊரைப் பாரு, கடைக்குப் போ. கடல் பக்கம் மட்டும் வேண்டாம்” என்றாள் அக்கா. கோவாவுக்குப் போகிறவர்களிடம்!

பெண்ணின் மேக்கப் பையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கைக்குழந்தையின் கனம். எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் இரண்டு, ஃபவுண்டேஷன், காம்பாக்ட், வாட்டர் புரூஃப் மை, லிப்ஸ்டிக் நான்கு, கற்றாழை ஜெல், அக்கா அரைத்துக் கொடுத்த கடலைமாவுப் பொட்டலம். இவற்றில் கடற்கரைக்கு உண்மையில் உதவுபவை மிகச் சில. ஃபவுண்டேஷன் உப்புக்காற்றில் அரைமணி நேரம் தாங்காது. வியர்வையோடு கலந்து கழுத்துப்பட்டையில் இறங்கிவிடும். பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். லிப்ஸ்டிக்கைக் காரின் முன்பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது மூடிக்குள் குழம்பு இருக்கும். வாட்டர் புரூஃப் மை கடலில் கரையாது, சோப்பிலும் கரையாது. அதை எடுக்கத் தேங்காயெண்ணெய்தான் வேண்டும். கோவாவில் அதற்குப் பஞ்சமில்லை. ஸ்டிக்கர் பொட்டு முதல் அலையிலேயே போய்விடும். அதனால்தானோ என்னவோ, நம்மவர்கள் தங்கும் விடுதிகளின் குளியலறைக் கண்ணாடிகளில் எப்போதும் நாலைந்து பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சன்ஸ்கிரீன் விஷயம் வேறு. அது அலங்காரமல்ல, மருந்து மாதிரி. எஸ்பிஎஃப் 30 என்பது வெயில் சுடுவதற்குக் காரணமான புற ஊதா ‘பி’ கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. 50 என்பது 98 சதவீதத்தை. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, தாராளமாகத் தடவுவதும் இரண்டு மணிக்கு ஒருமுறை, குளித்தால் உடனே, மறுபடி தடவுவதும் முக்கியம். நம்மில் பலர் கல்யாண வீட்டுச் சந்தனம்போல் தொட்டு வைத்துக்கொள்வதோடு சரி. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும் என்பது கணக்கு. ஜிங்க் ஆக்சைடு அதிகமுள்ள வகைகளை மாநிறத்தவர் பூசினால் விபூதி பூசிய மாதிரி ஆகிவிடுகிறது. இதை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை. இன்னொன்று: குடைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டால் தப்பித்தோம் என்றில்லை. உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி மேலே அனுப்புகின்றன. இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

லிப்ஸ்டிக் நான்கில் மூன்று லக்மே. 1952-ல் டாடா தொடங்கிய நிறுவனம். பிறகு இந்துஸ்தான் லீவரிடம் போனது. பெயர் வந்த வழி சுவாரஸ்யமானது. 1883-ல் பாரீஸில் மேடையேறிய பிரெஞ்சு இசை நாடகத்தின் கதாநாயகி லக்மே, இந்தியப் பெண். பெயர், நம் லட்சுமியின் பிரெஞ்சு உச்சரிப்பு. சீமைக்குப் போன லட்சுமி லிப்ஸ்டிக் குச்சியில் ஏறி ஊர் திரும்பியிருக்கிறாள். அதே லீவர் 1975-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் ‘ஃபேர்’ என்பதை உதறிவிட்டு குளோ அண்ட் லவ்லி ஆனது. மாப்பிள்ளையின் அத்தைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நாங்கள் தங்கியது ஒரு பழைய வீட்டின் மாடி. வீட்டுக்கார அம்மாள் கொங்கணியில் ஒவ்வொன்றாகக் காட்டினார்: ஜனேல், மேஸ், ஆர்மார், சாவி. மொழிபெயர்க்கவே தேவையில்லை. ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, துவாலை, கொய்யா, ஏலம் என்று நம் வீட்டுக்குள் புழங்கும் பாதிச் சாமான்கள் போர்த்துகீசியக் கப்பலில் வந்தவை. நாமும் பதிலுக்கு ஏதோ பெற்றிருக்கிறோம். இந்தியாவின் முதல் அச்சகம் 1556-ல் கோவாவில் நிறுவப்பட்டது. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் தமிழ் எழுத்துகளில் ஒரு பகுதி வார்க்கப்பட்டதும் கோவாவில்தான். கோவாக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ‘சுசேகாத்’ என்பதும் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. சுற்றுலாக் கையேடுகள் அதைச் சோம்பல் என்கிற மாதிரி எழுதுகின்றன. சோம்பல் இல்லை. ‘ஆற அமர’ என்று தமிழில் சொல்கிறோமே, அது.

கடைக்குப் போகலாம் என்பது அக்காவின் உத்தரவு என்பதால் புதன்கிழமை அஞ்சுனா. கையில் காசு தீர்ந்த ஹிப்பிகள் தங்கள் கிட்டாரையும் ஜீன்ஸையும் விற்று ஆரம்பித்த சந்தை இது. இன்று விற்பவர்கள் காஷ்மீரிகள், ராஜஸ்தானிகள், திபெத்தியர்கள், கர்நாடகத்தவர்கள். பொருட்கள் டெல்லி ஜன்பத்தில் கிடைக்கும் அதே பொருட்கள். விலையில் மட்டும் கடல்காற்று சேர்ந்திருக்கிறது. ஒருமுறை பார்க்கலாம். முந்திரி வாங்குகிறவர்கள் பொட்டலத்தில் டபிள்யூ 180, 240, 320 என்றிருப்பதைக் கவனிக்கவும். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதுதான் அந்த எண். எண் சிறிதானால் பருப்பு பெரிது. பண்ருட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பவளத்துண்டு, கடல்குதிரை, சில வகைச் சங்குகள் ஆகியவற்றை யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் 2001 முதல் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. ரயிலில் மாட்டினால் விளக்கம் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் கடற்கரை. ‘ஷாக்’ என்று எழுதினால் மின்சாரம் ஞாபகம் வரும் என்பதால் ஓலைக்கொட்டகை என்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் அரசு குலுக்கல் முறையில் உரிமம் கொடுத்து, மே மாத முடிவில் பிரித்தெடுக்கச் சொல்லும் தற்காலிகச் சாப்பாட்டுக் கடைகள் இவை. அதன் குடை நிழலில் பெண் முக்காடோடு உட்கார்ந்தாள். கடல் ஐம்பதடி தூரத்தில்.

ஒரு மூட்டையுடன் வந்தவள் லம்பாணிப் பெண். நாற்பது வயதிருக்கலாம். கோவா கடற்கரையில் மணிமாலை, கொலுசு, சராங் விற்கிற பெண்களில் பலர் வட கர்நாடக லம்பாணிகள். கண்ணாடித் துண்டும் சோழியும் வைத்துத் தைக்கிற அவர்கள் சமூகத்துக் கைவேலைக்கு, ‘சண்டூர் லம்பாணி எம்பிராய்டரி’ என்ற பெயரில், புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் இங்கே அவர்கள் விற்பது பெரும்பாலும் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுத்த மில் துணி. சராங் அறுநூறு என்று ஆரம்பித்தாள். பெண் கன்னடத்தில் இருநூறு என்றாள். தன் பாஷையைக் கேட்டதும் அவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கதக் பக்கம் ஊர். மழை முடிந்ததும் வருவாள்; மே முடிவில் போவாள்.

“ஏன் அக்கா குடைக்குள்ள உட்கார்ந்திருக்கீங்க?” என்று கேட்டாள்.

“அடுத்த மாசம் கல்யாணம்.”

புரிந்துகொண்டாள். “என்னையும் மஞ்சள் பூசி பதினஞ்சு நாள் வீட்டுக்குள்ள வச்சாங்க. பதினாறாவது நாள் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பிட்டாங்க” என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். பெண் அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, சராங்கின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

விலை முந்நூறுக்கு வந்தபோது தூரத்தில் விசில் சத்தம். கடற்கரையில் அலைந்து விற்பது 2001-ம் ஆண்டின் சுற்றுலாத் தலங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பிடிபட்டால் அபராதம், சரக்கும் போகும். கண்மூடித் திறப்பதற்குள் நாலு பக்கமும் லம்பாணிப் பெண்கள் ஓடினார்கள். எங்கள் பெண்மணி மூட்டையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்கையோடு பாகா திசையில் நடந்தாள், கடல் பார்க்க வந்தவள்போல. மருமகள்போல் அடக்கமாக உட்கார்ந்திருந்த எங்கள் பெண் தன் துவாலையை எடுத்து மூட்டைமேல் போட்டாள். சீருடைக்காரர் இருவர் கடந்து போனார்கள். துவாலையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் மீன் வறுவலைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரமாகியும் அவள் வரவில்லை.

“சித்தி, அது அவங்க கடனுக்கு எடுத்த சரக்கு” என்றாள் பெண்.

“வருவாடி, கொஞ்சம் பொறு. வெயில் இறங்கட்டும்.”

“அவங்க அங்க வெயில்ல நிப்பாங்களா, நான் இங்க பொறுக்கணுமா?”

துப்பட்டாவைச் சும்மாடாகச் சுருட்டி, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மணி ஒன்று. காலங்குட்டிலிருந்து பாகா இரண்டு கிலோமீட்டர் மணல். சன்ஸ்கிரீன் காலை எட்டு மணிக்குத் தடவியது. கைப்பைகளும் செருப்புகளும் என் பொறுப்பில் இருந்தன. மூட்டை சின்னதாகிக்கொண்டே போய் ஜனத்திரளில் மறைந்தது.

திரும்பி வந்தபோது மூன்றரை. பாகா ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, படகுகளின் பின்னால் அவளைக் கண்டுபிடித்தாளாம். மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டாளாம் அந்த அம்மாள். “பார்க்கத்தானே வேணும் சித்தி” என்றாள் பெண். சராங்குக்கு அவள் காசு வேண்டாமென்றிருக்கிறாள். இவள் அறுநூறைக் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டாள். மூக்கும் நெற்றியும் செம்பு நிறம். கைக்கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளைப் பட்டை. அப்படியே போய்க் கடலில் இறங்கியவள், உயிர்காப்பாளர்கள் விசில் ஊதிக் கரையேறச் சொல்லும்வரை வெளியே வரவில்லை. அக்கா நாலு முறை போன் செய்திருந்தாள். நான் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்சா. நேரம் குறைவாக இருப்பவர்கள் அஞ்சுனாவை விட்டுவிட்டு இங்கே வரலாம். வாரச் சந்தை அன்று வடக்கு கோவா முழுவதும் இங்கே கூடுகிறது. உள்ளூர்க்காரர்கள் உள்ளூர்க்காரர்களுக்கு விற்பதால் பேரம்கூட ஆற அமர நடக்கிறது. கருவாட்டு வாசம் ஒரு சந்து. மிளகாயும் வினிகரும் ஏறிச் சிவந்த பன்றிக்கறி சாசேஜ்கள் மணிமாலைபோல் கோத்துத் தொங்குவது ஒரு சந்து. தென்னங் கருப்பட்டி, வற்றலாகக் காய்ந்த கொக்கம் புளி, மண்சட்டிகள், கைநீள மொய்ரா வாழைப்பழம். பழங்குடிக் குன்பிப் பெண்கள் கட்டும் சிவப்புக் கட்டம் போட்ட சேலை அழிந்துகொண்டிருந்ததை, 2020-ல் மறைந்த ஆடை வடிவமைப்பாளர் வெண்டல் ரோட்ரிக்ஸ் மீட்டு நாகரிகமாக்கினார். கைத்தறியில் நெய்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். நான் ஒன்று வாங்கினேன். நம் செட்டிநாட்டுக் கட்டத்துக்குத் தங்கை மாதிரி இருக்கிறது.

பூக்காரர்கள் வரிசையில் பெண் நின்றுவிட்டாள். கூடை நிறையக் கனகாம்பரம், நெருக்கமாகத் தொடுத்தது. சென்னையிலும் பெங்களூரிலும் மல்லிகைக்கு முன்னால் எடுபடாமல் போய்க்கொண்டிருக்கிற இந்தப் பூவை கோவாவில் பெண்கள் கொண்டாடுகிறார்கள். இங்கே பெயர் அபோலி. மணமில்லாத பூ என்பதால் ‘பேசாதவள்’ என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். பூக்காரக் கிழவி இரண்டு முழம் அளந்து, பெண்ணின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கொங்கணியில் ஏதோ சொல்லித் தலையாட்டினாள். நிறம் பொருந்துகிறது என்றாளா, விலை கூடுதல் என்றாளா, தெரியாது. இரண்டு முழத்துக்கு மேல் ஒரு சாண் சேர்த்தே கொடுத்தாள்.

அப்போது போன். இந்த முறை பெண்ணே எடுத்தாள்.

“வெயில்ல அலையலியே?” என்று அக்கா கேட்டது எனக்கே கேட்டது.

“அலைஞ்சேம்மா” என்றாள். “இரு, பூ வாங்கிட்டிருக்கேன்.”