மலைக்கும் உண்டு கோத்திரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைத் தரிசித்துவிட்டு, கையில் பால்கோவாப் பொட்டலத்துடன் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். பதினொரு நிலைக் கோபுரம் பின்னே மறைய, வலப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாய்க் கூடவே வந்தது.

நான் தங்கிய வீட்டுப் பாட்டியம்மாள் ராஜு குடும்பத்தவர். முன்னோர் ஆந்திர தேசத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் இன்றும் தெலுங்குதான். பாட்டிக்கு அன்று ஒரே கவலை. பேத்திக்குக் கோதாவரிக் கரையிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருந்தது.

“வீட்டுப் பெயர் வேறேதான், தம்பி. கோத்திரம் என்னவென்று தெரிய வேண்டாமா? ஒன்றை மட்டும் பார்த்தால் போதுமா?”

கோதாவரி என்றதும் எனக்கு ராஜமகேந்திரவரத்துக் கறுப்புப் பாறைகள் நினைவுக்கு வந்தன. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் தக்காணத்தில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு வெள்ளமாய்ப் பெருகியது. உறைந்த பாறை இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. அதிலிருந்து வெகு தூரம் விலகி, கோதாவரிக் கரையில் தனியே ஒரு துண்டு! உறவா, அசலா?

விஞ்ஞானிகளும் பாட்டியைப் போலத்தான் இரண்டையும் பார்த்தார்கள். முதலில் பாறையின் ரசாயனம். பிறகு காந்தம். குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய காந்த வடக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பூமியின் காந்தம் ஒரு முறை தலைகீழாய் இருந்து திரும்பியது. ராஜமகேந்திரவரத்தில் அடிப்பாறை தலைகீழ், மேற்பாறை நேர். மகாபலேசுவரத்துப் பாறை அடுக்குகளிலும் அதே வரிசை, ரசாயனமும் அதுவே! ஸ்டீபன் செல்ஃப் முதலானோர் 2008-இல் இதை விரிவாக எழுதினார்கள். பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடி வந்த குழம்பு என்பது அவர்கள் கருத்து.

“அப்போ நம்ம மலையும் நெருப்புக் குழம்புதானா?” என்றார் பாட்டி, ஜன்னல் வழியே பார்த்தபடி.

“இல்லை பாட்டி. மேற்குத் தொடர்ச்சி என்று பெயர்தான் ஒன்று. இது பூமியின் அடியாழத்தில் வெந்து உருமாறிய சார்னோகைட், நைஸ் வகைக் கல். 50 கோடி வருஷத்துக்கும் மூத்தது.”

“பார்த்தாயா! பெயரை நம்பக் கூடாதென்று நான் சொன்னேனே” என்று பாட்டி பேத்தியைப் பார்த்தார்.

மாலையில் போன் வந்தது. இரு குடும்பத்துக்கும் ஒரே கோத்திரம். பாட்டி ஜாதகத்தை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். பால்கோவாவைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள் பேத்தி. தான் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.