அத்தையின் கடிதங்கள்

சென்ற மாதம் ஒரு மழையிரவில், எங்கள் வீட்டுக் கணினி 'டக், டக்' என்று ஒலிக்கத் தொடங்கிற்று. ஹாட் டிஸ்க் அவ்வாறு ஒலித்தால் அதன் அந்திமக்காலம் நெருங்கிவிட்டதாம். மகள் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. அதற்குள்ளேதான் அத்தையின் கடிதங்கள் இருந்தன.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா செல்ல நேர்ந்தவர்களுள் அத்தையும் ஒருவர். எல்கடுவ லயத்தை விட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம் வழியாக நீலகிரியை அடைந்தார். அங்கிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் பாதியைப் பூஞ்சணம் தின்றது. மீதியை, மட்கிப் போகுமுன் மகள் படம்பிடித்து வைத்தாள். அக்காகிதங்களும் இன்றில்லை. இருந்ததோ ஒரே பிரதி! அந்தக் கவனக்குறைவு முழுவதும் என்னுடையதே.

மாத்தளைக் கடையில் ஓர் இளைஞர், "சேர், ஒரே அளவில் இரண்டு டிஸ்க் போடலாம். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானே பதியும்" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. மகளோ இணங்கவில்லை.

"அப்பா, ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும்; சரிதான். ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு கடிதத்தை அழித்தால், இரண்டிலும் அழியுமே! இடி விழுந்தால் இரண்டும் ஒரே பெட்டிக்குள்தானே இருக்கும்?"

சித்திரை, ஐப்பசி மாலைகளில் எங்களூர் மலையில் இறங்கும் இடியை அறிந்தவர் இதற்கு மறுமொழி கூறமாட்டார்.

முடிவில் 250 ஜீபி எஸ்.எஸ்.டி ஒன்று வாங்கினோம். சுழலும் தட்டில்லாத அது, கணினியை விரைவாகத் தொடக்குவதற்கு. வில்லை போன்ற புதுவகை எங்கள் பழைய போர்டில் பொருந்தாதாகையால், கேபிளில் இணைக்கும் வகையே வாய்த்தது. படங்களுக்கும் கடிதங்களுக்கும் 1 டெராபைட் ஹாட் டிஸ்க். அதன் பிரதியாக வெளியே இணைக்கும் டிஸ்க் ஒன்று. அது மாத்தளையில் மைத்துனர் வீட்டு அலுமாரியில் இருக்கும். மாதம் ஒருமுறை இங்கு வந்து போகும்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் சாதனத்தில், 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. அலுமாரியினும் பெரிய அதில் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்றைய கைபேசிப் படங்கள் இரண்டு அதில் அடங்கினால் அதிகம்! என் செலவு அப்போது சிறிதாகத் தோன்றிற்று.

பழைய டிஸ்க் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த சிறு பொழுதில் மகள் பிரதியெடுத்தாள். அறுபத்திரண்டில் ஐம்பத்தொன்பது கடிதங்கள் திறந்தன. மற்ற மூன்றும் திறக்கவில்லை. அவற்றுள் ஒன்று, கப்பலிறங்கியதும் எழுதிய முதற்கடிதம். அதன் முதல்வரி அப்பாவுக்கு மனப்பாடம். ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார்.