கோழிகளின் அந்தஸ்து

ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் தாங்கிய நம் ராஜா அண்ணாமலைபுரத்தில் கோழி வளர்ப்போர் இன்று வெகு சிலரே. தோட்ட வீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. நம் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரமும் அதன் நிழலில் ஐந்து பெட்டைகளும் எஞ்சியிருக்கின்றன. சேவல் கிடையாது. விடியுமுன் அது கூவினால் அண்டை வீட்டார் நம்மைப் பேட்டையை விட்டே அனுப்பிவிடுவார்கள்!

ஐந்து கோழிகளுக்குள் என்ன ராஜ்யபாரம் என்று நேயர்கள் எண்ணலாம். தீனித் தட்டின் அருகே கால் மணி நேரம் நின்றால் தெரியும். முதல் வாய் யாருக்கு, இரவில் உயரமான கழி யாருக்கு என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகியிருக்கும். நார்வே தேசத்து ஷெல்டெரப்-எப்பே என்பவர் சிறு பிராயம் முதல் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்தவர். 1922-ல் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட கட்டுரையே இந்தக் 'கொத்து வரிசை'யை அறிஞர்களுக்கு அறிமுகம் செய்தது. முதற்கோழி எல்லோரையும் கொத்தும். கடைசிக் கோழி எல்லோரிடமும் கொத்து வாங்கும். வரிசை ஒருமுறை நிலைத்துவிட்டால் சண்டை குறைந்துவிடுகிறது. ஒரு முறைப்பே போதும். சில சமயம், முதலாவது இரண்டாவதைக் கொத்த, இரண்டாவது மூன்றாவதைக் கொத்த, மூன்றாவதோ முதலாவதையே கொத்தும் விந்தையும் உண்டு.

இப்படி அமைதியாக இருந்த சமஸ்தானத்துக்கு, செங்கற்பட்டுப் பக்கத்து உறவினர் ஒருவர் இரண்டு சிறுவிடைக் கோழிக் குட்டிகளை அனுப்பிவைத்தார். புதியவை வெள்ளைக் கழிச்சலைக் கொண்டுவந்தால் கூண்டே காலியாகும். ஆகையால் மூன்று வாரம் அவற்றை மொட்டை மாடியில் தனியே வைத்தோம். பிறகு பத்து நாள் கம்பி வலைக்கு இப்புறமும் அப்புறமுமாக, பார்க்கலாம், தொடக் கூடாது என்ற நிலை. தட்டுகளை இரண்டாக்கினோம், பதுங்குவதற்கு ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து வைத்தோம். இரண்டாக வந்ததும் நல்லதே. ஒற்றையாக வரும் கோழியின் மீது அத்தனை கொத்தும் விழும்.

வலையை எடுத்த அன்று தலைவி கறுப்பி ஒரு கொத்தோடு விட்டுவிட்டாள். விடாமல் துரத்தியவள் நான்காம் ஸ்தானத்துச் செம்பி! கீழ்ப்படியில் இருப்பவர்களுக்குத்தான் புதியவர்கள்மேல் ஆத்திரம் அதிகம். இருபது வருஷம் ஆசிரியர் அறைகளில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மாலை, இளையவளின் பிடரியில் ரத்தம் கசிந்தது. ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளும் கூடிவிடும். கவனியாமல் விட்டால் உயிரே போய்விடும். நல்ல வேளையாக நம் மகள் அவளை வாரி எடுத்துவிட்டாள். காயத்தைக் கழுவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினோம்.

"செம்பியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அப்பா" என்று மகள் அழுதாள். இந்த ஊரில் கொடுத்தால் அவள் போகுமிடம் எதுவென்று நமக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. அதனால் செம்பியையே மாடிக்கு ஏற்றினோம், மற்றவர்கள் கண்ணில் படாதபடி. இதற்குள் கீழே புண் ஆறிய இளையவளும் அவள் தோழியும் மற்றவர்களோடு பழகிவிட்டார்கள். ஏழு நாள் கழித்துச் செம்பி இறங்கியபோது அவள்தான் புதியவள்! கறுப்பி உட்பட மூவர் வரிசையாக வந்து விசாரித்தார்கள். செம்பி கூடைக்குப் பின்னால் போய் நின்றாள்.

இப்பொழுது செம்பிக்கு ஆறாம் இடம். இளையவளின் பிடரியில் புது இறகு முளைத்துவிட்டது; ஆயினும் ஏழாம் இடம் அவளுக்கே. சாயங்காலத்தில் மகள் அவளைத் தனியே அழைத்து ஒரு பிடி கம்பு போடுகிறாள். கறுப்பி தூரத்திலிருந்து இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள்.