பூட்டிய வீட்டின் விலை

2009ஆம் ஆண்டு தை மாதத்தில், கல்லிடைக்குறிச்சியிலுள்ள எங்கள் பூர்விக வீட்டை விற்பதென்று உடன்பிறந்தார் நால்வரும் ஊரில் கூடினோம். தந்தையார் மறைந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. வீட்டின் முன்கட்டில் அப்பளத் தொழில் செய்யும் குடும்பம் ஒன்று பதினோரு ஆண்டுகளாகக் குடியிருந்தது. தாங்களே வாங்கிக்கொள்வதாக அவர்கள் முன்வந்தார்கள். நாங்கள் கேட்டது 18 லட்சம் ரூபாய். வங்கிக் கடன், மனைவியின் நகை, சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து அவர்களால் திரட்ட முடிந்தது 14 லட்சம். நாங்கள் மறுத்துவிட்டோம்.

மறுத்ததற்குக் காரணம் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன், 2008 செப்டம்பர் 15 அன்று, லேமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது. அமெரிக்க வீடுகளின் விலைச் சரிவைப் பற்றிப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்தன. மந்தகாலத்தில் அவசரப்பட்டு விற்பவன் ஏமாளி, ஓராண்டு பொறுத்தால் கேட்ட விலை கிடைக்கும் என்று பேசிக்கொண்டோம். எங்களுள் ஒருவர் வங்கி ஊழியர். அவர் சொல்லுக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பிருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மந்தநிலையில் வீட்டு விலை இறங்குமா? அமெரிக்காவில் இறங்கியது. 2006இல் உச்சம் தொட்ட விலை 2012க்குள் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அங்கே கடன் கட்ட இயலாதவர்களின் வீடுகளை வங்கிகள் கைப்பற்றிச் சந்தையில் தள்ளின. எந்த விலைக்கேனும் விற்றே தீரவேண்டியவர்கள் பெருகினால்தான் விலை விழும். நம் நாட்டில் அந்த நிர்ப்பந்தம் எழாதபடி பார்த்துக்கொண்டார்கள். 9 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டியை 2008 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் குறைத்து, 2009 ஏப்ரலில் 4.75க்குக் கொண்டுவந்தது ரிசர்வ் வங்கி. கட்டட நிறுவனங்களின் கடன்களைத் திருத்தியமைத்தாலும் அவற்றை உடனே வாராக்கடனாக வகைப்படுத்த வேண்டியதில்லை என்று 2008 டிசம்பரில் சலுகையும் தந்தது. ஆகவே விற்காமல் காத்திருக்க அவர்களால் முடிந்தது. சென்னையில் சில கட்டுநர்கள் சதுர அடி விலையைத் தொடாமல் வீட்டின் அளவைச் சுருக்கினார்கள். கார் நிறுத்துமிடத்தை இனாமாகத் தந்தார்கள். விலைப்பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது.

விலை நின்றது, வியாபாரமும் நின்றது. இந்த இரண்டாவதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

கவனித்திருக்க வேண்டியவர்கள். கல்லிடைக்குறிச்சி ஒரு காலத்தில் வட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1930இல் வெளியான சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடும் முல்தானிகளோடும் சேர்த்துக் கல்லிடைக்குறிச்சிப் பிராமணர்களையும் சுதேச வங்கியாளர்களாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. எங்கள் கொள்ளுப்பாட்டனார் அவர்களுள் சிறியவர். ஆயினும் திருவிதாங்கூர் வரை அவருக்குக் கொடுக்கல்வாங்கல் இருந்தது. அந்த அறிக்கை வந்த நாட்களிலேயே உலகப் பெருமந்தம் தொடங்கிவிட்டது. நெல் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. தாமிரபரணிக் கரையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு போகம் விளைந்தும் கடன்காரனால் வட்டி கட்ட முடியவில்லை. ராஜாஜி அரசு 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. அதே 1938இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியும் கதவடைத்தது. கொள்ளுப்பாட்டனாரின் பத்திரப் பெட்டியில் பாதி வெறுங்காகிதமானது என்று எங்கள் பாட்டி சொல்வார்.

ஆனால் அந்த எட்டாண்டுகளில் எங்கள் தெருவில் வீடு கைமாறியதாகப் பாட்டி சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கைமாறியது தங்கம். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க அளவையைக் கைவிட்டதும் இங்கே தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. நாடெங்கும் குடும்பங்கள் நகைகளை விற்றன. அத்தங்கம் கப்பலேறிப் போயிற்று. மந்தம் வந்தால் முதலில் காதிலும் கழுத்திலும் இருப்பது போகும், அடுத்து வயல் ஒத்திக்குப் போகும், வீடு கடைசியில். எனவே அந்தக் காலத்து வீட்டு விலை இறங்கியதா என்று கேட்டால் விடை சொல்வது கடினம். விற்காத பொருளுக்கு விலை ஏது?

எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஆயிற்று. 2010இல் ஒருவர் வந்து பார்த்தார். பிறகு நெடுநாள் ஒருவரும் இல்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாதென்று உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. எங்கள் வீடு அங்கீகாரமற்ற மனையன்று. இருந்தும் தரகர்கள் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். 2017 ஜூன் 9 அன்று தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. ஒரே நாளில் எங்கள் வீடு காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. பதிவுக் கட்டணம் ஒன்றிலிருந்து நான்கு விழுக்காடாகவும் உயர்ந்தது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை இரண்டாக்கினார்கள். இத்தனை ஏற்றஇறக்கத்துக்கும் எங்கள் வாசற்படி ஏறியவர் எவருமில்லை.

2024 பங்குனியில் ஒருவர் வந்தார். 20 லட்சம் தருவதாகச் சொன்னார். பதினைந்தாண்டில் ஆறு லட்சம் கூடியிருக்கிறதே என்று எங்களுள் இளையவர் மகிழ்ந்தார். அன்றிரவு திண்ணையில் அமர்ந்து கணக்குப் போட்டோம். 2009 தொடக்கத்தில் பவுன் சுமார் 11 ஆயிரம் ரூபாய். அப்பளக் குடும்பம் தர முன்வந்தது ஏறக்குறைய 127 பவுன். 2024 மார்ச் இறுதியில் பவுன் 50 ஆயிரத்தைத் தாண்டியது. இப்போது கிடைப்பது 40 பவுனுக்கும் குறைவு. தங்கத்தால் அளப்பது நியாயமாகாது, அது அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்று வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர் வாதாடினார். சரி, 14 லட்சத்தை ஏழரை வட்டிக்கு வைப்பில் போட்டிருந்தால்? 41 லட்சம். வட்டித் தொழில் செய்தவரின் கொள்ளுப்பேரர்கள் கூட்டுவட்டியை மறந்திருக்கிறோம். வீட்டு விலை ரூபாயில் ஒருநாளும் இறங்கவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

வந்தவர் மரக்கடைக்காரர். பட்டாசாலையில் நின்று உத்தரத்தைக் கோலால் தட்டிப் பார்த்தார். தேக்குத் தூண்களின் சுற்றளவை நாடாவால் அளந்தார். கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை, மச்சுக்கு ஏறவில்லை. "இடத்துக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று அக்கா கேட்டார். "மரத்துக்கும் இடத்துக்கும் சேத்துத்தான் சாமி. பிரிக்கிற செலவு எங்களுது" என்றார் அவர். குடியிருந்தவர்கள் 2011இல் காலிசெய்தபின் வீடு பூட்டியே கிடந்தது. ஓடு சரிந்து மழைநீர் இறங்கி அடுக்களைச் சுவர் கரைந்துவிட்டது. மனிதர் புழங்காத வீட்டுக்கு அவர் போட்ட மதிப்பு அநியாயமென்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில், அம்பாசமுத்திரத்தில், அந்த அப்பளக் குடும்பத்தைத் தேடிப் போனோம். மனை வாங்கிச் சொந்தமாகக் கட்டியிருந்தார்கள். மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. பெரியவருக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. நாற்காலி போட்டுக் காப்பி தந்தார். தாயாரைப் பற்றி விசாரித்தார். வீட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. புறப்படும்போது இரண்டு கட்டு உளுந்தப்பளம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மரக்கடைக்காரருக்கு மூவர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டோம். அக்கா இன்னும் இடவில்லை.