பல் போன பிளேடு

அப்பிச்சியின் கத்தி ஜெர்மன் கத்தி. அம்மாவின் அப்பாவான அவர் வேலை பார்த்த பஞ்சாலையில் மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது பரிசாகக் கொடுத்ததாம். பெரிய மாமா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். கத்தி நல்ல கத்திதான். மாதக்கணக்கில் சாணை காட்டாமலே கயிறு அறுக்கும். ஆனால் பரிசுக் கத்திக்கு சைக்கிள் டியூப் சுற்றிய கைப்பிடியா? அடியில் துருத்தும் தகட்டில் வட்டமாக ஓர் ஓட்டை எதற்கு?

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். எந்த மில், எந்த வருஷம், யார் செய்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கத்தியைக் கையில்கூட வாங்கவில்லை. "எங்கிருந்து வந்துச்சுன்னு இரும்பு சொல்லாது கண்ணு. என்ன இரும்புன்னுதான் சொல்லும். போய் ரெண்டு டீ சொல்லு."

டீ குடித்த பிறகுதான் கிரைண்டர் ஓடியது. முதலில் ஒரு தேய்ந்த அரத்தை வைத்தார். மத்தாப்பு மாதிரி வெள்ளைப் பொறி வெடித்துச் சிதறியது. அடுத்து கத்தியின் முதுகு. மங்கலான சிவப்பில் நாலைந்து இழைகள், வெடிப்பே இல்லை. "டங்ஸ்டன். பவர் ஆக்சா பிளேடு. ஓட்டை பின் மாட்டுறதுக்கு. பல்லைத் தேச்சுக் கத்தியாக்கிட்டாரு உங்க அப்பிச்சி."

ஜெர்மனி அங்கேயே முடிந்தது. எனக்கு வேறொன்று பிடித்துக்கொண்டது. அவர் அழுத்திய இடம் நீலம் பாய்ந்திருந்தது. கத்தி நீலமானால் டெம்பர் போச்சு என்பதுதானே பட்டறைப் பாடம்? சாதாரண கார்பன் எஃகு முந்நூறு டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். இவர் கவலைப்படவே இல்லை.

விடை அமெரிக்காவில் இருந்தது. பெத்லஹேம் எஃகு ஆலையில் 1898 வாக்கில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் டங்ஸ்டன் கலந்த எஃகை, கெட்டுப்போகும் என்று எல்லோரும் பயந்த சூட்டையும் தாண்டி, உருகும் நிலைக்குக் கிட்டே கொண்டுபோனார்கள். எஃகு கெடவில்லை, தேறியது. 1900 பாரீஸ் கண்காட்சியில் அந்த உளி முனை சிவக்கச் சிவக்க இரும்பைக் கடைந்தது. ஹைஸ்பீடு ஸ்டீல் (எச்.எஸ்.எஸ்.) எனப்படும் இந்த வகை எஃகு 600 டிகிரி வரை கடினம் இழக்காது. கிரைண்டர் தரும் நீலம் அதற்குத் தூசு.

தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளக்கச் சொன்னவரும் இதே டெய்லர்தான். மில் ஷிப்டில் அப்பிச்சி பிளேடு தேய்த்த நிமிடங்களை அவர் எந்தக் கணக்கில் எழுதியிருப்பார்?

அதேபோல ஒரு கத்தி செய்ய, அடுத்த முறை ஹார்டுவேர் கடையில் வாங்கிய புது கை ஆக்சா பிளேடோடு போனேன். பல் பக்கம் வைத்தார், மங்கல் சிவப்பு. முதுகுப் பக்கம் வைத்தார், வெள்ளைப் பொறி. "பைமெட்டல். பல்லோரம் மட்டும்தான் சரக்கு, மிச்சம் ஸ்பிரிங் தகடு. பல்லைத் தேச்சா நல்ல இரும்பும் சேந்து போயிரும்."

பெஞ்சுக்கு அடியிலிருந்து பழைய இரும்புக் கடையில் எடுத்த உடைந்த பவர் பிளேடு ஒன்றை உருவினார். இரண்டு மில்லிமீட்டர் தடிமன், பக்கத்தில் எச்.எஸ்.எஸ். முத்திரை. எடை போட்டுத்தான் தருவேன் என்றார். டீக் காசைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். சம்மதிக்கவில்லை.