வளைய வேண்டியது குழாய்தான்

கூரை மடக்கும் காரை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தால், சாதாரண காரில் இல்லாத இரும்புச் சட்டங்கள் குறுக்கே ஓடுவது தெரியும். பிரேஸ் என்று மெக்கானிக்குகள் சொல்வது இவற்றைத்தான். புதிய எக்ஸாஸ்ட் பொருத்துபவருக்கு இவை பெரிய இடைஞ்சல். 3 அங்குலக் குழாய் நேராகப் போக நினைக்கும் இடத்தில் ஒரு பிரேஸ் மறித்து நிற்கும். அதை அறுத்துவிட்டாலோ, தட்டி வளைத்துவிட்டாலோ வேலை சீக்கிரம் முடிந்துவிடும். குழாயைச் சுற்றிக் கொண்டுபோனால் வளைவும் வெல்டிங்கும் கூலியும் கூடும். கூடினாலும் குழாய்தான் விலகிப் போக வேண்டும், பிரேஸில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூடியோடு ஒரு அட்டைப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள், விறைத்து நிற்கும். மூடியை எடுத்துவிட்டால் சுலபமாகத் திருகிக்கொள்ளும். காரின் கூரை அந்த மூடி. அது போனதும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டமும், தளமும், தளத்தின் நடுவே நீளவாக்கில் மேடாக ஓடும் டனலும்தான் முறுக்கத்தைத் தாங்கியாக வேண்டும். டனலின் அடிப்பக்கமோ திறந்து கிடக்கிறது. அந்த வாயைக் குறுக்கே கட்டினால்தான் அது உறுதியாகும். எக்ஸாஸ்ட் ஓட வசதியான பாதையும் அதே டனல். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவது இதனால்தான். மஸ்டா எம்எக்ஸ்-5 கார் 1989இல் வெளிவந்தபோதே திறந்த காராகத் திட்டமிடப்பட்டது. அதன் கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அப்படியிருந்தும் 1.8 லிட்டர் இன்ஜினோடு வந்த 1994 மாடலில் கூடுதல் பிரேஸ்களைச் சேர்த்தார்கள். ஷெவர்லே 1967இல் கமாரோ கன்வர்டிபிளின் நான்கு மூலைகளிலும் ஸ்பிரிங்கில் ஆடும் எடைகளை வைத்து உடலின் நடுக்கத்தை அடக்கப் பார்த்தது. எடையைக் குறைக்கப் பாடுபடும் தொழிலில் இவ்வளவு இரும்பை ஒருவர் காரணமில்லாமல் சுமக்க மாட்டார்.

பிரேஸை அறுக்க வேண்டாம், குழாய்க்கு இடம் விட்டுக் கொஞ்சம் வளைத்தால் போதாதா என்று கேட்பார்கள். நேரான கம்பியின் பலம் அதன் நீளவாக்கில் இருக்கிறது. இழுத்தாலும் அழுத்தினாலும் மிகக் குறைவாகவே அசையும். நடுவில் ஒரு வளைவு கொடுத்துவிட்டால் அதே கம்பி ஸ்பிரிங்காகிவிடும். விறைப்பு பல மடங்கு குறையும். பார்வைக்குப் பிரேஸ் இருக்கும், வேலை செய்யாது. குழாயின் கதை வேறு. உள்ளே போவது புகை. உட்புறம் நசுங்காமல் மேண்ட்ரல் வைத்து வளைத்த குழாயில் அது பெரிய இழப்பில்லாமல் திரும்பிப் போய்விடும். இடம் மிகவும் குறுகினால் நீள்வட்டக் குழாய் இருக்கிறது. 3 அங்குல வட்டக் குழாயை, அகலம் உயரத்தைப் போல் இரு மடங்காகும்வரை தட்டையாக்கினால் உயரம் 2 அங்குலத்துக்கும் கீழே வந்துவிடும். உள்பரப்பு சுமார் 6 சதுர அங்குலம் மிஞ்சும். 2.5 அங்குல வட்டக் குழாயின் பரப்பே 4.9 சதுர அங்குலம்தான். உயரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் மிச்சம், புகைக்கும் வழி அதிகம். வளைத்தால் பவர் போய்விடும் என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

பிரேஸைக் கழற்றிய பிறகும் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்பது அடுத்த வாதம். ஓடும்தான். விறைப்பு குறைந்ததால் அன்றைக்கே எதுவும் உடைவதில்லை. பள்ளத்தில் இறங்கும்போது முன்கண்ணாடிச் சட்டமும் ஸ்டீயரிங்கும் நடுங்கும். கதவின் இடைவெளி மாறி முனகல் கேட்கும். ஸ்பாட் வெல்டிங்குகள் ஒவ்வொரு முறுக்கத்திலும் சிறிது சிறிதாகக் களைத்துப்போகும். பந்தயக் கார்களில் பிரேஸைக் கழற்றுகிறார்களே என்றால், உடலோடு வெல்டிங் செய்த ரோல் கேஜ் அங்கே அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. அப்படிப்பட்ட காருக்கு என் வாதம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குழாயைப் பிரேஸுக்கும் கீழே இறக்கிவிடும் வழியை மட்டும் எந்தக் காருக்கும் சொல்ல மாட்டேன். முதல் வேகத்தடையிலேயே அடி வாங்கும்.

இடைவெளி எவ்வளவு விடுவது என்பதில்தான் ஃபிட்டரின் திறமை தெரியும். 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாய் 2 மீட்டர் நீளமிருந்து, வெப்பம் 400 டிகிரி ஏறினால் சுமார் 14 மி.மீ. நீளும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜினும் ரப்பர் மவுண்டுகளில் புரளும். குளிர்ந்த நிலையில் தொடாத குழாய், சூடேறிய பிறகு பிரேஸில் உரசி, துருப்பிடித்த இரும்பில் நகத்தளவு பளபளப்பான தழும்பை விட்டிருக்கும். எனவே பிரேஸின் எல்லாப் பக்கமும் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பிரேஸ் போல்ட்டுகளைக் கார் சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குவது நல்லது. லிஃப்டில் உடல் வேறு விதமாக வளைந்திருக்கும். குழாயை முதலில் பொட்டு வெல்டிங்கில் நிறுத்தி, எல்லாம் மாட்டிப் பார்த்த பிறகே முழு வெல்டிங் போட வேண்டும். பிரேஸைத் தாண்டியதும் ஒரு பிளாஞ்ச் இணைப்பு வைத்துவிட்டால் பின்னாளில் கியர்பாக்ஸைக் கழற்றுபவர் குழாயை அறுக்க வேண்டியிருக்காது. குழாயைத் தாங்கும் ஹேங்கரைப் பிரேஸில் வெல்டிங் செய்ய விடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போதே, பிரேஸ் மாட்டிய நிலையில் அளவெடுக்கச் சொல்லுங்கள். முதல் வேலையாக அதைக் கழற்றத்தான் வேண்டும் என்று சொல்லும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.